பழவேற்காட்டு டர்போ பிரதாபம்

தொண்டைமானிடம் தூது போன ஔவை, அவன் ஆயுதசாலையில் மயிற்பீலி சூட்டி, நெய் பூசி, காவல் போட்டு வைத்திருந்த வேல்களைப் பார்த்து வியந்தாள். பிறகு, எங்கள் அதியமானின் வேல்களோ நுனி முறிந்து எந்நேரமும் கொல்லன் பட்டறையிலேயே கிடக்கின்றன என்று வருத்தப்பட்டுக்கொண்டாள். புறநானூற்றில் 95ஆம் பாட்டு. பட்டறையில் கிடக்கும் ஆயுதம்தான் போர் கண்ட ஆயுதம் என்பது கிழவியின் கணக்கு. அந்தக் கணக்கு சரியென்றால், இதே தொண்டை மண்டலத்தின் கிழக்கு ஓரத்தில், பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில், அதியமானையே மிஞ்சிய வீரர் ஒருவர் இருக்கிறார். அவருடைய டர்போ இன்ஜின் வருடத்தில் பெரும்பகுதியைப் பொன்னேரி லேத் பட்டறையில் கழிக்கிறது. மிச்ச நாட்களில் அந்தப் பட்டறைக்குப் போகும் வழியில் இருக்கிறது.

பெயர் எதற்கு? குப்பத்தில் சிறுசு பெருசு எல்லோருக்கும் அவர் ‘டர்போ’தான். வயதில் மூத்தவன் என்ற உரிமையில் நான் மட்டும் தம்பி என்கிறேன். தம்பி வாங்கியது ஒரு பழைய மாருதி எஸ்டீம். 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். குடும்பத்தோடு திருப்பதி போய்வரத் தோதான வண்டி என்று முன்பு வைத்திருந்தவர் நினைத்திருக்கிறார். பாவம், அவருக்குக் கற்பனை போதாது. தம்பி சென்னைப் புதுப்பேட்டைக்குப் போய், டீசல் ஸ்விஃப்டிலிருந்து கழற்றிய டர்போ ஒன்றைப் பேரம் பேசி வாங்கிவந்து, வலைக் கொட்டகையில் வைத்து எஸ்டீமில் பொருத்தினார். டீசல் இன்ஜினை விடப் பெட்ரோல் இன்ஜினின் புகைக்குச் சூடு அதிகம்; டீசலுக்காகச் செய்த டர்போ அந்தச் சூட்டில் சீக்கிரம் வெந்துபோகும் என்று படித்த பொறியாளர்கள் பயப்படுவார்கள். தம்பி அந்த மாதிரிப் பயங்களோடு பிறக்கவில்லை.

டர்போவைக் கண்டுபிடித்த சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூச்சி, 1905இல் காப்புரிமை பதிந்தார். வெளியே போகும் புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுற்றவைத்து, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரத்தால் இன்ஜினுக்குள் காற்றைத் திணிப்பதுதான் யோசனை. யோசனை சின்னது. ஆனால் அது உருப்படியாக ஓட 20 வருடம் பிடித்தது. 1920களின் நடுவில் இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களின் டீசல் இன்ஜினில் பொருத்தியபோதுதான் 1,750 குதிரைத்திறன் 2,500 ஆயிற்று. தம்பிக்குப் பிடித்தது ஒரு சனிக்கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை. “அந்தாளு இருவது வருசம் இன்னாண்ணே பண்ணிக்கினு இருந்தாரு?” என்று கேட்டார். அளந்துகொண்டிருந்தார் என்றேன். “அதான் லேட்டு” என்றார்.

இந்தக் கரைக்கு இன்ஜின் சத்தம் புதிதல்ல. தெற்கே திருவொற்றியூரில் 1955 முதல் புல்லட் மோட்டார் சைக்கிள் செய்தார்கள். எண்ணூரில் அசோக் லேலண்ட். கொஞ்சம் மேற்கே போனால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் அது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் வருடக்கணக்காகப் பந்தயம் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ஓடுதளம் வந்தபிறகுதான் சோழவரம் அடங்கியது. கோயம்புத்தூர் கரிவரதன் தன் பட்டறையில் கட்டிய கார்களோடு சோழவரம் வந்தவர். பிறகு அவர், மாருதி 800இன் பொடி இன்ஜினை வைத்தே ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கினார். நரேன் கார்த்திகேயன் போன்றவர்கள் அதில்தான் பழகினார்கள். அந்தக் காரில் டர்போ கிடையாது. எடை குறைவு, அவ்வளவுதான். இந்தச் சோம்பேறி வழி தம்பிக்குப் பிடிக்கவில்லை. எடையைக் குறைப்பதில் என்ன வீரம் இருக்கிறது? டிக்கியில் இரண்டு பெரிய ஸ்பீக்கர் ஏற்றினார்.

தம்பியின் இலட்சியம் டிராக் ரேஸ். 402 மீட்டர், அதாவது கால் மைல், நேர்க்கோட்டில். நின்ற இடத்திலிருந்து கிளம்பி யார் முதலில் தொடுகிறார்களோ அவர் ஜெயித்தார். திருப்பம் கிடையாது, யோசனை கிடையாது. எங்கள் ஊரில் அப்படி 402 மீட்டருக்குப் பள்ளமும் வேகத்தடையும் மாடும் இல்லாத சாலை எது என்று கேட்பவர்கள் விவரம் இல்லாதவர்கள். எங்களிடம் தண்ணீர்தான் 60 கிலோமீட்டர் நீளத்துக்குத் தடையில்லாமல் கிடக்கிறது. அதுவும் சராசரியாக ஒரு மீட்டர் ஆழம். சாலை இருந்தபிறகு கார் கட்டுவது எல்லோரும் செய்வது.

இனி, அவர் தீர்த்துவைத்த கோளாறுகளைப் பற்றி. நியாயமாக இதற்கு ஒரு பிள்ளைத்தமிழ் பாடவேண்டும், இடம் இல்லை.

முதலில் நீலப்புகை. வண்டியை ஸ்டார்ட் செய்தால் குப்பத்தில் கொசு செத்தது. கருவாடு காயப்போட்ட பெண்கள் தம்பியின் குலத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசினார்கள். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுவது. அதைத் தாங்குவது ஒரு மெல்லிய ஆயில் படலம். அந்த ஆயில் அழுத்தத்தோடு உள்ளே போய், வேலை முடிந்ததும் தன் எடையாலேயே வழிந்து கீழே சம்ப்புக்குத் திரும்பவேண்டும். அதற்குத் தடிமனான குழாய் வேண்டும், அது சரிவாக இறங்கவேண்டும், சம்ப்பில் நிற்கும் ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேரவேண்டும். தம்பி போட்டிருந்தது சுண்டுவிரல் கனக் குழாய். அது முதலில் கீழே இறங்கி, பிறகு அழகாக வளைந்து மேலே ஏறியது. ஆயில் மேல்நோக்கி ஓடாது என்பது பழங்கால நம்பிக்கை. போக வழியில்லாத ஆயில் சீலைத் தாண்டிக் கசிந்து சைலன்சருக்குள் போனது. தம்பி குழாயைப் பார்க்கவில்லை. “டர்போ டூப்ளிகேட்டுண்ணே” என்று புதுப்பேட்டைக்குப் போய் வேறு டர்போ வாங்கிவந்தார். அதுவும் டூப்ளிகேட். அதற்கடுத்ததும் டூப்ளிகேட். ஒரு சந்தை முழுக்க டூப்ளிகேட் என்று நிரூபிக்கும் வரை விடாமல் வாங்கியவரின் விடாமுயற்சியை எந்தப் பாடப்புத்தகத்திலும் சேர்க்கலாம்.

அடுத்தது தட்டல். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பார்கள். காற்றைத் திணித்தால் அதற்கேற்பப் பெட்ரோலும் கூடவேண்டும். தீப்பொறியும் கொஞ்சம் தாமதித்து விழவேண்டும். இல்லையென்றால் சிலிண்டருக்குள் மிச்சக் கலவை தானாகவே வெடித்து, பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிக்கும். எஸ்டீமின் கம்ப்யூட்டர் பெட்டிக்கு டர்போ வந்த சேதியையே தம்பி சொல்லவில்லை. வெளிக்காற்றை விட அதிக அழுத்தம் ஒன்று உலகத்தில் உண்டு என்பதே அந்தப் பெட்டிக்குத் தெரியாது. அது பழையபடி திருப்பதிக்குப் போகும் கணக்கில் பெட்ரோல் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தது. கடகடவென்று சத்தம் வந்தது. “சவுண்டு வருதுன்னா பவர் வருதுன்னு அர்த்தம்ணே” என்றார் தம்பி. சத்தம் போதவில்லை என்று தோன்றியபோது, அளவுக்கு மிஞ்சிய அழுத்தத்தைத் திறந்துவிடும் வேஸ்ட்கேட்டின் கம்பியில் இருந்த நட்டை இன்னும் இரண்டு சுற்று இறுக்கினார். பாதுகாப்புக்காக வைத்த வால்வு திறக்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று கண்டவர் அவர். பிஸ்டன் வளையம் உட்காரும் பள்ளம் உடைந்து அலுமினியத் துண்டுகள் ஆயிலில் மின்னியபோதும் முகம் சுளிக்கவில்லை. “மெட்டல் வீக்” என்றார்.

புதுப் பிஸ்டன் போட்டபோது வளையத்தின் இரு முனைக்கும் நடுவே விடவேண்டிய இடைவெளி பற்றிப் பேச்சு வந்தது. டர்போ இன்ஜினில் சூடு அதிகம், வளையம் விரியும். சாதாரண இன்ஜினுக்கு விடுவதை விடக் கொஞ்சம் கூட விடவேண்டும், இல்லையென்றால் முனைகள் முட்டிக்கொண்டு மறுபடி பிஸ்டனை உடைக்கும். பட்டறை மேஸ்திரி தகடு வைத்து அளக்கப்போனார். தம்பி தடுத்துவிட்டார். “இறுக்கமா போடு மேஸ்திரி, கேஸ் லீக் ஆவக் கூடாது.” மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது தடவையும் அதே வேலைக்குக் கூலி வாங்கப்போகிறவர் பேசமாட்டார்.

பிறகு ஒருநாள் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளே டீ. பால் கொஞ்சம் தூக்கலான டீ. ஹெட் கேஸ்கட் போய், ரேடியேட்டர் தண்ணீரும் ஆயிலும் கலந்துவிட்டன. அதைத் தம்பி எப்படிக் கண்டுபிடித்தார் என்பது குப்பத்தில் இன்னும் பேசப்படுகிறது: கண்டுபிடிக்கவில்லை. மறுபடி மூடிவிட்டு ஓட்டினார்.

அழுத்தம் காட்டும் கேஜ், காற்று–பெட்ரோல் விகிதம் காட்டும் கேஜ், ஆயில் கேஜ் எதுவும் அவர் வண்டியில் கிடையாது. டேஷ்போர்டில் அவற்றுக்கு ஓட்டை மட்டும் போட்டிருக்கிறார். “காதுதாண்ணே கேஜு.” அந்தக் காதுக்கு எதிரே டிக்கியில் ஸ்பீக்கர் இருப்பதை முன்பே சொன்னேன். ஓடி முடித்ததும் இன்ஜினை ஒன்றிரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு டர்போவை ஆறவைக்கவேண்டும், உடனே அணைத்தால் உள்ளே நின்றுபோன ஆயில் கருகிக் கரியாகும் என்று யாரோ சொன்னதற்கு, பெட்ரோல் விற்கிற விலையில் ஊதாரித்தனம் கூடாது என்று பதில் வந்தது. மறுபடி ஒரு டூப்ளிகேட் வாங்கவேண்டியிருந்தது.

கோளாறு கண்டுபிடிக்கும் கலையில் தம்பியோடு ஒப்பிட எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் கிடைக்கிறார்கள். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவில் 1971 முதல் ராக்கெட் விடுகிறார்கள். அவர்கள் விடும் நாளில் எங்களுக்குக் கடலில் தடை. 1979 ஆகஸ்ட் 10 அன்று அவர்களுடைய முதல் எஸ்எல்வி–3 கிளம்பி, 317 விநாடியில் வங்கக் கடலில் விழுந்தது. மறுநாளிலிருந்து அந்த மனிதர்கள் செய்தது என்ன? தாள் தாளாகப் பதிவுகளைப் பிரித்துவைத்து, இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு சரியாக மூடாமல் அமிலம் கசிந்துவிட்டது என்று தேடிக் கண்டுபிடித்தார்கள். எங்கள் பிழைதான் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டார்கள். 1980 ஜூலை 18இல் அடுத்தது சரியாக மேலே போயிற்று. ஒரு வால்வுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம். தம்பியாக இருந்தால் அன்று மாலையே கடலை டூப்ளிகேட் என்று சொல்லிவிட்டு வேறு ராக்கெட் வாங்கப் போயிருப்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் தம்பியை உண்மையாகவே பாராட்டிவிடுகிறேன். நடுவே உண்மை வந்தால் வாசகர் பொறுத்துக்கொள்ளவேண்டும். அழுத்திய காற்று சூடாகும். சூடான காற்றில் சரக்கு குறைவு, தட்டலும் அதிகம். அதனால் டர்போவிலிருந்து வரும் காற்றை இன்டர்கூலர் வைத்துக் குளிரவைப்பார்கள். டிராக் ரேஸில் ஓட்டம் சில விநாடிதானே என்று, தண்ணீரால் குளிரும் இன்டர்கூலர் போட்டு, அந்தத் தண்ணீர்த் தொட்டியில் பனிக்கட்டியைக் கொட்டுவது வெளிநாட்டில் பலர் செய்வது. தம்பி எங்கேயும் படிக்காமல், இறால் பெட்டியைப் பார்த்தே இதை யோசித்தார். மீன் ஐஸ் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும் ஊரில் வேறு யாருக்கும் இது தோன்றவில்லை. நல்ல மூளை. அந்த ஒரு சாயங்காலம் இன்ஜின் தட்டவில்லை, புகைக்கவில்லை, இழுத்தது.

ஐஸ், அவருடைய அப்பாவுடையது. ராத்திரியெல்லாம் ஏரியில் நின்று பிடித்த வெள்ளை இறாலுக்காக வாங்கிவைத்தது. ஏலத்துக்குப் போகும்போது இறால் தளர்ந்து, தலை கழன்று, விலை பாதிக்கு வந்தது. வண்டியின் குளிர்ச்சிக்கும் இறாலின் குளிர்ச்சிக்கும் நடுவில் ஒரு விஞ்ஞானி எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதை அப்பா புரிந்துகொள்ளவில்லை, படிக்காதவர். ஐஸ் உருகித் தண்ணீர் குறைந்தபோது தம்பி பக்கத்திலிருந்த ஏரியிலிருந்தே ஒரு குடம் மொண்டு ஊற்றினார். உப்புத் தண்ணீருக்கு அலுமினியம் என்றால் உயிர். இன்டர்கூலரின் குழாய்கள் வெள்ளைப் பொடியாகப் பூத்து ஓட்டை விழுந்தன.

கடைசியாகப் பந்தயமும் நடந்தது. அதிகாலை, ஊருக்கு வெளியே, இருந்ததில் நல்ல சாலைத்துண்டில், பட்டறை மேஸ்திரியின் பழைய புல்லட்டோடு. தம்பி ஆக்சிலேட்டரை மிதித்தார். டர்போ சுற்றெடுக்கக் கொஞ்சம் நேரமாகும். அதற்குள் புல்லட் போய்விட்டது. பிறகு டர்போ வந்தது, சக்தி முழுதும் வந்தது, வந்த சக்தி நேராகக் கிளட்சுக்குப் போய் அதைக் கருக்கியது. எஸ்டீம் கத்திக்கொண்டே நின்றது. அமெரிக்காவில் டாப் ஃப்யூயல் என்ற உச்ச வகுப்பில், நான்கு விநாடிகூட ஓடாத ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் இன்ஜினைப் பிரித்துச் சேர்ப்பார்களாம். தம்பி அந்தத் தரத்தைத் தாண்டிவிட்டார். ஓட்டமே இல்லாமல் பிரிக்கிறார்.

இதையெல்லாம் தம்பியின் தலையில் மட்டும் கிரீடமாக வைத்தால் பெரியவர்கள் கோபிப்பார்கள். கடலே இப்போது டிராக் ரேஸ்தானே. பெரிய விசைப்படகுகள் லாரி இன்ஜின் போய் அதைவிடப் பெரியது, அதுவும் போய் இன்னும் பெரியது என்று மாற்றிக்கொண்டே வந்தன. முதலில் மீனைத் தொட்டு முதலில் ஏலத்துக்கு வந்தவனுக்கு விலை. அரசு 2020இல் விதியைத் திருத்தி, படகு 24 மீட்டருக்குள், இன்ஜின் 240 குதிரைக்குள் என்று எழுதியது. அதற்குப் பிறகு கடலில் 241ஆவது குதிரையை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. குதிரைகள் தண்ணீருக்கடியில்தானே இருக்கும்.

எங்கள் முன்னோர்தான் இந்த விஷயத்தில் விவரம் இல்லாதவர்கள். ஏரியில் இறால் பிடிக்கப் ‘பாடு’ என்று ஒரு முறை வைத்துவிட்டுப் போனார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் என்று ஊர்களுக்குள் முறை. ஊருக்குள் தலைக்கட்டுகளுக்குள் முறை. எந்த இடத்தில் யார் எப்போது வலை கட்டுவது என்பது சீட்டுப்போட்டு முடிவாகும். உன் முறை வந்தால் துடுப்பே போதும். முறை வராவிட்டால் ஆயிரம் குதிரை இருந்தும் பயனில்லை. எவனும் எவனையும் முந்தவேண்டிய அவசியமே இல்லாதபடி தலைமுறை தலைமுறையாக ஏரியைப் பங்குபோட்ட இவர்களால்தான் பழவேற்காட்டிலிருந்து ஒரு நல்ல ரேஸ்காரன்கூட வரமுடியாமல் போயிற்று. தம்பி வந்து அந்தக் களங்கத்தைத் துடைத்திருக்கிறார்.

இப்போது அவர் பார்வை படகுகள் பக்கம் திரும்பியிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போதுதான் விசைப்படகுக்காரர்கள் இன்ஜினை இறக்கி வேலை பார்ப்பார்கள், தம்பிக்கு நிறையத் தொழில் இருக்கும். முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்துபோகிறதே, சின்னப் படகுகளே வயிறு தட்டி நிற்கின்றனவே, இதில் டர்போ எதற்கு என்று கேட்டேன். “பவர் பத்தாததாலதாண்ணே மணல்ல மாட்டுது” என்றார். அரசுக்கு இத்தனை வருடமாக இது தோன்றவில்லை. தூர்வாரவேண்டாம், படகை மணலுக்கு மேலே பறக்கவிட்டால் போதும்.

முதல் டர்போவை அவர் அப்பாவின் படகிலேயே வைத்துப் பார்ப்பதாக முடிவு. ஏரியில் வலை இழுக்கப் போகும் சின்ன பைபர் படகு, நீள வால் வைத்த ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின். அந்தச் செய்தி காதில் விழுந்த நாளிலிருந்து அப்பா கரைக்கு வந்ததும் இன்ஜினைக் கழற்றி, தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே படுத்துக்கொள்கிறார். உப்புக்காற்று படக்கூடாது என்பதற்காகத்தான். மகனுடைய திறமையில் அவருக்கு ஏதோ சந்தேகம் என்று குப்பத்தில் சிலர் பேசுவதை நான் நம்பவில்லை.